களிம்பும் ஜெல்கோட்டும்

கண்ணாடியிழைப் படகின் புறத்தே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் அமையும் நிறமேற்றிய பிசின் படலமே ஜெல்கோட் எனப்படுவது. ஆண்டுக்கணக்கில் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் அதன் மேற்பரப்பு சிதைந்து, விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும் வெண்பொடியாக மாறுவதோடு, ஒளியைச் சீராகத் திருப்பாமல் சிதறடிப்பதால் நிறமும் மங்கித் தோன்றுகிறது. புதுப்பிப்போர் ஈர உப்புத்தாளாலும், பின்னர் ரப்பிங் காம்பவுண்ட் எனும் மெருகுப் பசையாலும் அப்பகுதியைத் தேய்த்து நீக்கி மெழுகு பூசுகின்றனர். பொடியை நீக்காமல் மெழுகை மட்டும் பூசிப் பளபளப்புக் காட்டுவோரும் உண்டு. அது நெடுநாள் நிற்பதில்லை.

தேய்த்து நீக்கப்படும் அப்பொடி அழுக்கா, படகேயா என்பது எளிய வினா அன்று. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் எனும் மாசைச் செம்பிற் களிம்போடு ஒப்பிடும் சைவ சித்தாந்தம், களிம்பு தொன்றுதொட்டு உடனிருப்பினும் செம்பு ஆகாது என்று கொள்கிறது. ஜெல்கோட்டின் பொடியோ உடனிருந்த வேற்றுப் பொருளன்று, படலமே திரிந்த நிலை; ஆதலால் அதைக் களைவது மாசு நீக்கமாவதோடு தன்னிழப்பும் ஆகிறது. பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறிப்பிடும் தீசியஸின் கப்பலில் பழைய பலகையின் இடத்தில் புதியது வந்து சேர, அது அதே கப்பல்தானா எனும் சிக்கல் எழுந்தது. இங்கே எதுவும் சேர்வதில்லை, மீண்டதாகத் தோன்றும் ஒளி அதுவரை வெயிலே காணாத உள்ளடுக்கினுடையது. ஒவ்வொரு மெருகேற்றலும் படலத்தை மெலியச் செய்து, ஒரு கட்டத்தில் கீழுள்ள இழை வெளித்தெரியும்போது புதுப்பூச்சே வழியாகிறது; தீசியஸின் சிக்கல் அப்போதுதான் இப்படகுக்கும் பொருந்துகிறது.