வேலியோரக் களாவுக்கும் ஓர் இடம்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: விப 3:1-8, 13-15, 1 கொரி 10:1-6, 10-12, லூக் 13:1-9



மோசேயைச் சந்திக்கக் கடவுள் தேர்ந்துகொண்ட இடத்தை முதல் வாசகத்தில் கேட்டோம். ஆடு மேய்க்கிற பாலைநிலத்தில் நின்ற ஒரு முட்புதர் அது. அந்த வழியே மந்தை ஓட்டியவர்கள் அதுபோன்ற புதர்களைத் திரும்பிக்கூடப் பாராமல் கடந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றின் நடுவிலிருந்து ஆண்டவர் மோசேயைப் பெயர் சொல்லி அழைத்தார். அது நின்ற மண்ணைப் புனித நிலம் என்றார். எகிப்தில் நசுங்கிக் கிடந்த மக்களின் அழுகுரல் தம் காதில் விழுந்துவிட்டது என்று அவர் அறிவித்ததும் அங்கிருந்துதான்.

நற்செய்தியிலோ, மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரம். வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கும்படி மன்றாடுகிறார் தோட்டத் தொழிலாளர்; சுற்றிலும் கொத்தி எருப் போடும் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

இந்த இரண்டு வாசகங்களையும் நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் ஒரு செடியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது களா.

நம்மில் மூத்தவர்களுக்குக் களாக்காய், கிளாக்காய் என்றதுமே வாயில் புளிப்பு ஊறும். கரட்டு மேட்டிலும் புன்செய் வேலியிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்த செடி அது. மல்லிகைபோல் வெள்ளை வெளேரென்று பூத்து மணக்கும், தேனீக்கள் மொய்க்கும். காய் சிவந்து, பிறகு கருத்துப் பழுக்கும். பழத்துக்குக் கொண்டைக்குருவிகள் வரும். முள் அடர்ந்த கிளைகளுக்குள் சிறு பறவைகள் கவலையில்லாமல் கூடு கட்டும்.

இன்றைய பிள்ளைகளில் பலர் இந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. ஆனால் காயைத் தின்றிருப்பார்கள். பேக்கரியில் கேக்கின் மேல் ‘செர்ரி’ என்று வைக்கிற சிவப்புப் பழம் பல நேரங்களில் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். இப்படி அதன் காயை வேற்றுப் பெயரில் சுவைக்கும் நாம், அது காய்த்த செடியை வேரோடு பிடுங்கி எறிகிறோம். உயிர்வேலி நின்ற இடங்களில் கல்தூணும் கம்பியும் நிற்கின்றன. எங்கிருந்தோ வந்த சீமைக்கருவேலம் கண்மாய்க் கரைகளையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. மண்ணுக்குரிய செடிகள் ஓசையில்லாமல் விலகிப் போகின்றன.

இது தோட்டக்கலை சார்ந்த கவலை மட்டும்தானா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், நம்மால் ஓர் உயிரினம் மறைந்துபோவது கடவுளைப் புகழும் ஒரு குரல் அடங்கிப்போவது என்ற பொருளில் நமக்கு உணர்த்துகிறார். அதே மடலில், அசிசி நகர் புனித பிரான்சிசு தம் சகோதரர்களிடம் கேட்டுக்கொண்ட ஒன்றையும் நினைவூட்டுகிறார். துறவு இல்லத் தோட்டத்தில் ஒரு பகுதியை உழாமல், பயிரிடாமல் விட்டுவிட வேண்டும். அங்கே காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தம் போக்கில் வளர வேண்டும். காண்பவர் மனம் அவற்றைப் படைத்தவரிடம் எழும்ப வேண்டும் என்பது அந்தப் புனிதரின் விருப்பம். பிச்சையெடுத்து உண்ட துறவிகளே ஒரு மூலையைப் படைப்புக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்றால், நம்மால் முடியாதா?

எனவே இந்தத் தவக்காலத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெயில் நன்றாகப் படுகிற, தண்ணீர் தேங்காத ஓர் ஓரத்தைப் பாருங்கள். ஒன்றரை அடிக் குழி எடுத்து இந்தக் கோடையில் ஆறப்போடுங்கள். மழை பிடித்ததும் மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து இட்டுக் கன்றை நடுங்கள். விதையிலிருந்து வளர்ப்பவர்கள் கருத்துப் பழுத்த பழத்தின் விதையை உடனே ஊன்றிவிடுங்கள். எடுத்து வைத்தால் அதன் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். வேலியாக வளர்க்க மூன்றடிக்கு ஒன்று போதும். முதல் இரண்டு கோடைகளில் மட்டும் தண்ணீர் காட்டுங்கள். அதன்பின் வறட்சியை அது தாங்கிக்கொள்ளும். முள் இருப்பதால் பிள்ளைகள் ஓடும் பாதையை ஒட்டி வைக்காதீர்கள். ஒடித்தால் பால் வடியும். காயை நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டால் அந்தப் பிசின் விடும், ஊறுகாய்க்கும் நன்றாயிருக்கும்.

விதையிட்ட களா காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அத்திமரத்தின் உரிமையாளர் பொறுமை இழந்ததும் மூன்றாம் ஆண்டில்தான். அதுவரை நம் கையில் ஏறுவது முள் மட்டும். அந்த நாள்களில் ‘இதை எதற்கு வைத்தோம்’ என்று தோன்றும். அப்போது தோட்டத் தொழிலாளரை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டாம் என்று சொல்லி அவர் சும்மா இருந்துவிடவில்லை. கொத்தவும் எருப் போடவும் தாமே முன்வந்தார். இயேசு நமக்காகத் தந்தையிடம் பரிந்து பேசுவது இப்படித்தான். நமக்குக் கிடைத்த ஒவ்வோர் ஆண்டும் அவர் கேட்டு வாங்கித் தந்தது. அந்த அவகாசம் நாம் மனம் திரும்புவதற்கு. சாக்குச் சொல்லிக் கழிப்பதற்கு அன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வீட்டுக்குள்ளும் முள்ளோடு நிற்கிறவர்கள் உண்டு. படிப்பில் பின்தங்கிய மகன், குடியை விட்டுவிட்டு மீண்டும் விழுகிற கணவர், சொல்லால் குத்துகிற முதிய மாமியார், சொத்துத் தகராறில் முகம் திருப்பிய தம்பி. இவர்களை வெட்டிவிடுவது எளிது. இன்னும் ஓர் ஆண்டு என்று கேட்பவர் அவர்களுக்காக உழைக்கவும் வேண்டும். கோபத்தை விழுங்குவதும், நாமே முதலில் பேசப் போவதும், சிகிச்சைக்குக் கூட்டிச் செல்வதும் அந்த எரு. வேலியோரச் செடி ஒன்றுக்காக மூன்று ஆண்டு பொறுத்திருக்கப் பழகியவருக்கு, மனிதருக்காகக் காத்திருக்கும் பொறுமையும் வரும்.

இந்த வாரமே குடும்பமாக அமர்ந்து, எந்த ஓரத்தில் குழி எடுப்பது, யாருக்கு இன்னும் ஓர் ஆண்டு கொடுப்பது என்ற இரண்டையும் பேசி முடிவெடுங்கள்.

முட்புதரிலிருந்து பேசிய ஆண்டவரே, நாங்கள் ஒதுக்கியவற்றை மதிக்கவும், நீர் எங்களைப் பொறுத்ததுபோல் நாங்கள் பிறரைப் பொறுக்கவும் அருள்தாரும். ஆமென்.