சீட்டு உதிர்ந்த காகிதப்பூ

புதுக்கோட்டைச் செம்மண்ணில் அதிகம் தண்ணீர் கேட்காமல் சுவரேறிப் பூப்பது காகிதப்பூ. மல்லிகையைப்போல் கீரமங்கலம் சந்தைக்குப் போகாது, சாமிக்கும் பெரும்பாலும் சூட்டமாட்டார்கள். ஆனாலும் வாசலுக்கு வாசல் நிற்கிறது. நர்சரியில் கட்டிவிட்ட சீட்டு இரண்டு கோடையில் வெளுத்து உதிர்ந்தபின் ‘இது என்ன ரகம்?’ என்று கேட்டால், விடை எங்கே இருக்கிறது? செடியிலா, உதிர்ந்த சீட்டிலா? தோட்டக்காரரின் சந்தேகம்போலத் தோன்றினாலும், ஒரு பொருளை அறிவது என்றால் என்ன என்ற பழைய தத்துவக் கேள்விதான் இது. செடி தன் இனத்தைச் சொல்லும், ரகத்தைச் சொல்லாது என்பது என் கட்சி.

இனத்துக்குச் சான்று கையெட்டும் தூரத்தில் உண்டு. நாம் பூ என்று சொல்லும் மூன்று வண்ணத் தாள்களும் நிறம் மாறிய இலைகளே. ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு தீக்குச்சிபோல் நிற்கும் சிறு குழல்தான் மெய்யான பூ. இலை வழவழப்பாக இருந்தால் கிளாப்ரா இனம், சுணையும் வளைந்த முள்ளும் இருந்தால் ஸ்பெக்டாபிலிஸ் இனம் என்று ஓரளவு பிரிக்கலாம். ரகம் என்று வரும்போதுதான் கண் ஏமாறுகிறது. ஒரே செடி நிழலில் வெளிறும், வெயிலில் அடர்ந்து பூக்கும். ஆரஞ்சாக விரிந்து ரோஸாக முடிகிற ரகங்களும் உண்டு. மேரி பால்மர் என்ற ரகம் இன்னும் சங்கடம். 1949-இல் கல்கத்தாவில் ‘மிஸஸ் எச்.சி.பக்’ என்ற செடியின் ஒரு கிளையில் மொட்டு மாறித் தோன்றியது அது. வெள்ளையும் மெஜந்தாவும் ஒரே செடியில் பூக்கும். அதில் இலை இருநிறமாகிப் பிரிந்ததற்குத் திம்மா என்று பெயர். தாய்க்கும் மகளுக்கும் ஒரு கிளைதான் வித்தியாசம், பெயர் மட்டும் வேறு.

மரபணுவைச் சோதித்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். இந்தச் செடி அந்தச் செடியோடு ஒத்துப்போகிறதா என்றுதான் சோதனை சொல்லும். ஒப்பிடப் பெயர் தெரிந்த செடி ஒன்று முதலில் வேண்டும். மொட்டு மாறிப் பிறந்தவை தாயோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் வழக்கமான சோதனைகள் அங்கே தடுமாறும். ஆக, ரகப் பெயர் பதிவேட்டில் பிறக்கிறது. காகிதப்பூவுக்கு, அதாவது போகன்வில்லாவுக்கு, பன்னாட்டுப் பதிவுப் பொறுப்பு 1966-இல் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் வந்தது. இதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலிலும் கதை இதுதான். அறிவர் கோயில் என்ற சமணக் குகைக்கோயிலின் விதானத்துத் தாமரைக் குளத்தின் சாயலைப் பார்த்து, அது மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து வேலை என்று அறிஞர்கள் சொன்னார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு வாசிக்கப்பட்டதும், ஓவியம் ஒன்பதாம் நூற்றாண்டுக்கு நகர்ந்தது. கல்வெட்டு அங்கே சீட்டின் வேலையைச் செய்தது.

அந்தக் குகையில் வழிபட்ட சமணர்களின் தர்க்கம்தான் சீட்டில்லாத செடிக்கும் பொருத்தமாகப் படுகிறது. எந்தக் கூற்றுக்கும் முன்னால் ‘சியாத்’, அதாவது ஒரு வகையில் பார்த்தால், என்று சேர்த்துக்கொள்வது அவர்கள் முறை. உண்டு, இல்லை என்னும் அத்தி நாத்தி வாதம் அது. பிற சமயத்தார் இதை நழுவல் என்று சாடினார்கள்: ஒரே பொருள் எப்படி உண்டும் இல்லையும் ஆகும்? சாடல் கூர்மையானது, ஆனால் குறி தவறியது. சியாத் என்பது ‘தெரியவில்லை’ அல்ல. எந்த நோக்கில் சொல்கிறேன் என்பதை முன்கூட்டியே கட்டிக்கொடுப்பது. தோற்ற நோக்கில் இது மேரி பால்மர், மரபுவழி நோக்கில் அப்படிச் சொல்ல இடமில்லை என்றால் இரண்டு கூற்றிலும் முரண் இல்லை. பொத்தாம்பொதுவாக ‘மேரி பால்மர்’ என்று அடித்துச் சொல்பவரைவிட இவர் கூடுதலாகவே சொல்லியிருக்கிறார். வெறும் பெயர்தானே, இதற்கு இத்தனை தர்க்கமா என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் பெயரை நம்பித்தான் பக்கத்து வீட்டார் போத்து கேட்டு வாங்கிப்போகிறார்கள். தவறான பெயர் பத்துத் தொட்டிகளுக்குப் பரவும். புதுச் சீட்டில் ‘மேரி பால்மர் போன்றது, தாய்ச்செடி தெரியாது’ என்று எழுதி, போத்து வெட்டிய வீட்டையும் ஆண்டையும் குறித்துக் கட்டினால் போதும், இம்முறை வெயிலுக்கு வெளுக்காத மையில்.