நகரின் அடையாளமும் புதிய மண்டபமும்

ஒரு நகரின் பெயரைச் செவியுற்றதும் மனக்கண் முன் ஒரு கட்டடம் எழுவதுண்டு. தஞ்சை என்றதும் பெரிய கோயிலை நினைக்கின்றோம். மதுரை என்றதும் வானளாவிய கோபுரங்களை நினைக்கின்றோம். யாழ்ப்பாணம் என்றதும், வழிபாட்டிடங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நம்மிற் பலர்க்கும் தோன்றுவது வெண்ணிறக் குவிமாடங்களோடு நிற்கும் பொது நூலகமேயாகும். இன்று அந்நூலகத்தின் அயலிலே, அதனினும் பன்மடங்கு உயர்ந்த புதியதொரு கட்டடம் எழுந்து நிற்கின்றது. இந்திய அரசின் நன்கொடையாகக் கட்டப்பட்ட கலாசார நிலையம் அது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி யாழ்ப்பாணம் வந்தபோது அதற்கு அடிக்கல் நாட்டினார். 2022 மார்ச்சில் இணையவழித் திறப்பு நிகழ்ந்தது. 2023 பெப்ரவரி 11ஆம் நாள், அன்றைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் முன்னிலையில், அது மக்களிடம் கையளிக்கப்பட்டது. ஏறத்தாழ அறுநூறு பேர் அமரத்தக்க அரங்கு, அருங்காட்சியகம், மாநாட்டு மண்டபம், திறந்தவெளி அரங்கு, பல மாடிக் கோபுரம் ஆகியன அதன் உறுப்புகள்.

இதுவே இனி யாழ் நகரின் அடையாளம் என்று மகிழ்வோர் உளர். அடையாளம் என்பது அவ்வளவு எளிதில் வந்துவிடுமோ என்று ஐயுறுவோரும் உளர். புதிதாகக் கட்டப்பட்ட பொதுக் கட்டடம் ஒன்று ஒரு நகரின் முகமாதல் கூடுமா? கூடுமெனின், எதனாற் கூடும்? மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது கட்டடக்கலை பற்றிய வினாவாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், பொதுச் சொத்து என்று பெயர் பெற்ற ஒன்று எப்போது உண்மையிலேயே பொதுவாகின்றது என்னும் அறவினாவே இதனுள் அடங்கியிருத்தல் புலப்படும்.

பழமையே ஒரு கட்டடத்துக்குப் பெருமை தருகின்றது என்பது பலரின் எண்ணம். அவ்வெண்ணத்தை மறுக்க நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நூலகத்திற்கு அண்மையிலேயே யாழ்ப்பாணக் கோட்டை கிடக்கின்றது. போர்த்துக்கேயர் 1618 அளவில் அதனைக் கட்டத் தொடங்கினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரிவாக்கினர். பின் ஆங்கிலேயர் ஆண்டனர். நானூறு ஆண்டுப் பழமை அதற்கு உண்டு. பரப்பிலும் வலிமையிலும் அதற்கு நிகரான கட்டடம் இக்குடாநாட்டில் வேறில்லை. எனினும், அதனைத் தன் நகரின் முகமென்று உவந்து கூறும் யாழ்ப்பாணத்தவரைக் காண்டல் அரிது. மக்களை அடக்கி வைப்பதற்காக எழுந்த சுவர்களை மக்கள் அஞ்சலாம், வியக்கலாம், இன்று சுற்றிப் பார்த்தும் மகிழலாம். தமதென்று கொள்ளுதல் வேறு.

இனி, ஆண்டோரால் எழுப்பப்பட்டதெல்லாம் மக்களுக்கு அயலாகவே நின்றுவிடும் என்று கூறுதலும் பொருந்தாது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது நம் மணிக்கூட்டுக் கோபுரம். அவ்விளவரசரை இன்று நினைப்பார் யாருமிலர். ஆயினும், சந்தைக்கு வந்தவரும் பள்ளிக்கு நடந்தவரும் அண்ணாந்து நேரம் பார்த்துப் பார்த்தே அக்கோபுரத்தைத் தமதாக்கிக் கொண்டனர். கட்டியவரின் நோக்கத்தைப் பயன்படுத்தியவரின் பழக்கம் வென்றுவிட்டது. ஆகவே, ஒரு கட்டடத்தின் பிறப்பு அதன் விதியை முற்றாக நிர்ணயிப்பதில்லை என்பது தெளிவு.

பொது நூலகத்தின் வரலாறு இதனினும் ஆழமான பாடத்தை நமக்குப் புகட்டுகின்றது. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் பெருமகன் தம் இல்லத்திலேயே நூல்களை வைத்து மற்றவர்க்கு வழங்கத் தொடங்கினார். 1934இல், ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்குப் பெற்ற சிற்றறை ஒன்றில், 844 நூல்களோடு அம்முயற்சி நூல் நிலையமாக உருப்பெற்றது. பின்னர் நகராட்சி அதனை ஏற்றது. பெரிய கட்டடம் வேண்டுமென்ற எண்ணம் வலுத்தபோது களியாட்ட விழா நடத்தி நிதி திரட்டினர். நுழைவுச்சீட்டு வாங்கிய எளிய மக்களின் காசும் அதிற் சேர்ந்தது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் அதற்காக அரும்பாடுபட்டார். வெளிநாட்டு உதவியும் வந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை நல்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் அமைத்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959 அக்டோபர் 11இல் நூலகம் திறக்கப்பட்டது.

திறந்த நாளன்று அதுவும் ஒரு புதிய கட்டடமே என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1981 மே 31ஆம் நாள் இரவு அது தீக்கிரையாக்கப்பட்டபோது அதன் அகவை இருபத்திரண்டையும் எட்டவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும் பெறற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர் நீத்தார்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும்: நூலகத்தை அடையாளமாக்கியது அந்தத் தீயே, துயரம் தீண்டாத கட்டடம் ஒருநாளும் அடையாளமாகாது என்பர் சிலர். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. எரிந்த கட்டடங்கள் அனைத்திற்கும் மக்கள் அவ்வாறு அழுவதில்லை. மாணவனும் ஆசிரியனும், வேலை தேடும் இளைஞனும் ஓய்வு பெற்ற எழுதுவினைஞனும் ஒரே நீண்ட மேசையிலிருந்து வாசித்த இருபத்திரண்டு ஆண்டுகளே அந்த அழுகைக்குக் காரணமாயின. முன்பே தமதாயிருந்ததனால்தான் அதன் இழப்பு தம் இழப்பாயிற்று. தீ அவ்வுறவை உலகறியச் செய்தது, உண்டாக்கியது அன்று. எரிந்த சுவர்களை நினைவுச்சின்னமாக விட்டுவைப்பதா, மீண்டும் புதுப்பிப்பதா என்று பின்னாளில் நகரத்தவர் கடுமையாக வாதிட்டதற்கும் அவ்வுறவே அடிப்படை.

வட்டுக்கோட்டையில் வாழும் நமக்கு இவ்வினாவை வேறொரு கோணத்திலிருந்தும் நோக்க இயலும். இது நகரமன்று, வயலும் பனையும் சூழ்ந்த கிராமம். எனினும், அமெரிக்க மிசனரிமார் 1823இல் இங்கே தொடங்கிய செமினரி இவ்வூர்ப் பெயரைக் கடல் கடந்தும் அறியச் செய்தது. அது 1855இல் மூடப்பட்டது. மூடப்பட்ட இரண்டாம் ஆண்டிலேதான், 1857இல், அங்கு பயின்ற கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிக் காத்தவருள் தாமோதரம்பிள்ளை முன்னணியில் நிற்பவர். செமினரியின் சுவர்களின் உயரத்தை இன்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. அச்சுவர்களுக்குள் நிகழ்ந்த வேலையைத்தான் வரலாறு நினைவிற் கொண்டுள்ளது. கட்டடம் ஒரு பாத்திரம். அதில் எது சமைக்கப்பட்டது, யாருக்குப் பரிமாறப்பட்டது என்பவையே அதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

புதிய கட்டடம் அடையாளமாகாது என்று பொதுவாகக் கூறிவிடவும் முடியாது. சிட்னி நகரின் இசைநாடக மாளிகை 1973இல் திறக்கப்பட்டது. எழுபது இலட்சம் டொலரில் முடியுமென்று மதிப்பிட்ட வேலை பத்துக் கோடியைத் தாண்டியது. வடிவமைத்த உட்சன் 1966இல் மனம் வெறுத்து நாட்டை விட்டே வெளியேறினார். எனினும், ஒரு தலைமுறைக்குள் அது ஒரு கண்டத்துக்கே அடையாளமாயிற்று. அதன் அழகு இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் செலவின் பெரும்பகுதி அதிர்ட்டலாபச் சீட்டு வாங்கிய பொதுமக்களிடமிருந்து வந்தது என்பதையும் நினைத்தல் வேண்டும். 1960இல், வேலை முற்றுப்பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய ஒருவரின் மகனாகிய போல் றொப்சன் அங்கே சென்று, சாரங்களின் நடுவே நின்ற தொழிலாளருக்குப் பாடினார். அம்மாளிகை வளாகத்தில் ஒலித்த முதற் பாடல்களுள் அவை இடம்பெறும். அவற்றைக் கேட்டவர் அதனைக் கட்டிய கைகளுக்குரியோர்.

இவ்விடத்தில் நம் சமுதாயம் தன்னையே நோக்கிக் கேட்க வேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டு. நாம் பெருமை பேசும் அடையாளங்கள் யாருடைய அடையாளங்கள்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவுரிமை கேட்டு நின்றதையும், அவர்கள் தடுக்கப்பட்டதையும் இந்நாட்டு வரலாறு பதிந்து வைத்திருக்கின்றது. கோபுரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஒரு பகுதி மக்களை வெளியே நிறுத்திய வாயில் அம்மக்களுக்கு எதன் அடையாளமாக இருந்திருக்கும்? பொதுக் கட்டடத்தின் வாயிலிற் சாதி கேட்பார் இன்று இல்லாதிருக்கலாம். ஆனால், கட்டணம் கேட்கும், உடை கேட்கும், அழைப்பிதழ் கேட்கும். அதிகாரிகளும் பிரமுகர்களும் முன்வரிசையில் அமரும் விழாக்களுக்கு மட்டுமே ஓர் அரங்கு திறக்குமாயின், அது எத்துணை அழகியதாயினும் புதியதொரு கோட்டையே.

2025 சனவரியில் இந்நிலையத்துக்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டது. வள்ளுவரை வெறுப்பார் இங்கு எவருமிலர். ஆயினும், பெயர்ப்பலகையில் யாழ்ப்பாணம் என்ற சொல் இல்லாதது கண்டு பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அச்சொல் சேர்க்கப்பட்டது. இதனை வீண் சச்சரவென்று சிலர் இகழ்ந்தனர். நாம் அதனை நற்குறியாகவே கொள்கின்றோம். தமக்குத் தொடர்பில்லாத கட்டடத்தின் பெயருக்காக எவரும் வாதிடுவதில்லை. உரிமை கோரும் குரல் எழுந்தது என்றால், உறவு தொடங்கிவிட்டது என்பது பொருள். ஆனால், பெயரளவில் உரிமை கோரியதோடு நாம் அமைந்துவிடலாகாது.

நன்கொடையாக வந்தது என்பது அதற்குக் குறையன்று. நூலகத்துக்கும் அயலாரின் கை உதவியது. அங்கே மக்களின் முயற்சி முந்தியது, உதவி பிந்தியது. இங்கே கட்டடம் முந்திவிட்டது. மக்களின் முயற்சி இனித்தான் வரவேண்டும். அம்முயற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்? ஊர்தோறும் நாட்டுக்கூத்தைக் காத்துவரும் அண்ணாவிமார் தம் குழுவோடு அம்மேடையில் ஏறுதல் வேண்டும். அதற்கான வாடகை அவர்கள் தாங்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அருங்காட்சியகத்தில் அரசரின் வாளோடு குருநகர்க் கடற்றொழிலாளியின் வலையும், சீவல் தொழிலாளியின் கத்தியும், சுருட்டுத் தொழிலாளியின் பலகையும் இடம்பெறுதல் வேண்டும். கிராமத்து வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஆண்டுதோறும் தம் விழாவை அங்கே நடத்தும் முறைமை உண்டாக வேண்டும். இரவு நிகழ்ச்சி முடிந்தபின் அராலிக்கும் வட்டுக்கோட்டைக்கும் மாணவர் வீடு திரும்பப் பஸ் இருத்தல் வேண்டும். இல்லையெனில் அரங்கின் கதவு திறந்திருந்தும் அவர்க்குப் பூட்டியதே. இவற்றைத் தீர்மானிக்கும் குழுவில் கலைஞரும் தொழிலாளரும் ஆசிரியரும் அமர்தல் வேண்டும்.

இவை நிகழாவிடின், கோபுரம் தொலைவிலிருந்து தெரியும், வழி கேட்போர்க்கு அதைச் சுட்டிக்காட்டுவோம், அவ்வளவே. இவை நிகழுமாயின், இன்று அங்கே முதன்முறையாக மேடையேறும் கிராமத்துச் சிறுமி ஒருத்தி நாளை தன் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, இது நம்முடைய மண்டபம் என்று காட்டுவாள். அவள் அவ்வாறு கூறும் நாளிலேயே அது நகரின் அடையாளமாகும். அந்நாளை விரைவில் வருவிப்பது அரசின் கடமை மட்டுமன்று. நம் கடமையும் ஆகும்.