மலையை மிதிக்கும் உரிமை

மலேசியாவின் கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே நின்று பார்த்தால், பச்சைச் சரிவு முழுவதும் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். செடி வரிசைகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் கிடக்கும் தடங்கள் அவை. கொழுந்து பறிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டானவை. மலைச் சைக்கிள் ஓட்டும் ஒருவர் அவற்றைப் பார்த்தால், எந்த வளைவில் பிரேக் பிடிப்பது, எங்கே விட்டு இறங்குவது என்று மனம் உடனே கணக்குப் போடத் தொடங்கும்.

ஓட்டலாமா? சட்டத்தைக் கேட்டால் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: தோட்டம் தனியார் நிலம், நிர்வாகம் அனுமதித்தால் ஓட்டலாம். ஆனால் அந்த அனுமதி தீர்த்துவைக்காத ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிழைப்புக்காகவும் இல்லாமல் வழிபாட்டுக்காகவும் இல்லாமல், சந்தோஷத்துக்காக மட்டும் ஒரு மலையை மிதிக்க மனிதனுக்கு என்ன உரிமை?

தமிழ்ச் சமயங்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. காரைக்கால் அம்மையார் கயிலையை நெருங்கியதும் அந்த இடத்தில் கால் பதிக்க அஞ்சி, தலையாலேயே நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். திருமலை ஆதிசேஷனின் உடல் என்பதால் ராமானுஜர் அதைப் பாதத்தால் மிதிக்காமல் முழங்காலிட்டு ஏறினார் என்பது வைணவ மரபின் நம்பிக்கை. காலையில் எழுந்ததும், பாதம் தரையில் படுமுன் பூமாதேவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. இவை எல்லாவற்றிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது வெறுங்கால். சக்கரம் பிற்பாடு வந்தது.

நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உலகம் முழுக்க நடக்கும் சண்டையில் இந்தச் செய்தி மறந்துபோகிறது. சக்கரம் மலையைக் கெடுக்கிறது, பாதம் கெடுப்பதில்லை என்பது நடப்பவர்களின் வாதம். 1994-இல் ஜான் வில்சன், ஜோசப் செனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நனைத்த பாதையில் சக்கரங்களைவிடக் குளம்புகளும் பாதங்களுமே அதிக மண்ணைப் பெயர்த்தன. இதைக் காட்டிச் சைக்கிள்காரர்கள் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கவிட்டால் மண்ணில் அறுபடாத ஒரு கோடு விழுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் அதுதான். நடப்பவர் காலையில் ஒரு குன்றைக் கடக்கும் நேரத்தில் சைக்கிள்காரர் நாலைக் கடந்திருப்பார் என்பதும் உண்மை.

ஆக, எது மிதிக்கிறது என்பதைவிட எப்போது மிதிக்கிறது என்பது முக்கியமாகிறது. இதற்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர் ஊராக அலைந்து பசும்பயிரையும் சிறு உயிர்களையும் மிதித்துச் சாகடிக்கிறார்கள் என்று மக்கள் குறைசொன்னதால்தான், மாரிக்காலத்தில் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்று புத்தர் விதித்தார் என வினயபிடகம் பதிவு செய்கிறது. சமண முனிவர்களும் அந்த மாதங்களில் பயணத்தை நிறுத்திவிடுவார்கள். துறவியின் நோக்கம் தூயது, போகும் காரியம் நல்லது. அப்படியிருந்தும் ஈரமண்ணுக்கு முன் அவர் நிற்க வேண்டியிருந்தது. மழையில் பாதையை மூடுவதை ஏதோ அதிகாரியின் கெடுபிடியாக நினைத்து எரிச்சல்படுபவர்கள் இந்தக் கதையை அறிந்திருக்க வேண்டும்.

கேமரன் மலை ஈரமண்ணின் ஊர். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2,000 மீட்டர் உயரத்தைத் தாண்டும் குனோங் பிரிஞ்சாங் உச்சியில் இருக்கும் பாசிக்காட்டின் தரை, மட்கிய இலையும் வேரும் பாசியும் சேர்ந்து ஊறிக் கிடப்பது. ஒருமுறை குழைந்தால் அது எளிதில் தேறாது. பார்வையாளர்கள் அதன்மேல் கால் வைக்காதிருக்க அங்கே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1965-இல் திறக்கப்பட்ட பென்னைன் வே என்ற நெடும்பாதையிலும் இதே கதைதான்: புதர்வெளியின் கரிமண் நடப்பவர்களின் காலடியில் சேறாகிப்போக, இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து பதிக்க வேண்டியதாயிற்று.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேமரன் மலையின் பெரிய புண்களுக்குச் சைக்கிள்காரர்கள் காரணமல்ல. காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டடங்களுக்குமாகச் சரிவுகளை மொட்டையடித்ததால் கரைந்த மண், ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பாக்கார் அணைத் தேக்கத்தில் ஆண்டுக்கணக்காகப் படிந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலை கனமழையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. அந்த மண்ணோடு ஒப்பிட்டால் சக்கரம் கீறும் மண் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அதே சரிவில் விளையாட வருபவர் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

சரி, விளையாட்டே தவறா? துறவிகளின் கதைகளை மட்டும் கேட்டால் அப்படித் தோன்றக்கூடும். ஆனால் பிரிஞ்சாங்கில் கோயில் கொண்டிருக்கும் சாமி யார்? தண்டாயுதபாணி. ஒரு கனிக்காக மயிலேறி உலகத்தைச் சுற்றிப் பறந்த பிள்ளை. அம்மையப்பனைச் சுற்றிவந்த அண்ணன் பழத்தை வாங்கிக்கொண்டான் என்பதற்காகத் தம்பியின் வேகத்தைத் தமிழர்கள் பாவம் என்று ஒதுக்கிவிடவில்லை. கோபித்துப் போனவனுக்கு ஒரு மலையையே கொடுத்து, இன்றுவரை காவடி எடுத்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள். சிவனின் செயல்களுக்கே திருவிளையாடல் என்று பெயர் வைத்த சமயம், காற்றைக் கிழித்து இறங்கும் இளைஞனின் ஆனந்தத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு கல்லையும் வேரையும் கண்ணிமைக்காமல் கவனிக்கிறானே, அந்த ஒருமுகம் பல நாள் தியானத்தில் உட்கார்ந்தாலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்த மகிழ்ச்சி உண்மையானது, நல்லது. அதற்கான இடம் யாருடைய உழைப்பிலும் யாருடைய ஒப்புதலிலும் கிடைத்தது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து போனதால் மலைக்கு அவர் பெயர் வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடி நட்டு, லயங்களில் குடியிருந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று அந்த வேலையில் வங்காளதேசிகளும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் செமாய் பூர்வகுடிகள்.

செமாய் மக்களோடு வாழ்ந்து 1968-இல் நூல் எழுதிய மானுடவியலாளர் ராபர்ட் டென்டன், அவர்களுடைய அறத்தின் முக்கியமான ஒரு நம்பிக்கையை விளக்கியிருக்கிறார். ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதை மறுத்தால், ஏமாந்த அந்த மனதோடு அவர் விபத்துக்கு ஆளாவார். மறுத்தவரே அதற்குப் பொறுப்பு. அதனால் இயன்றவரை யாரும் மறுப்பதில்லை. கொடுக்க இயலாததைக் கேட்பதும் தவறு. இந்த நம்பிக்கையை ஒரு கணம் யோசித்துப் பார்த்தால், 'உள்ளூர் மக்கள் சம்மதித்துவிட்டார்கள்' என்று சுற்றுலாக்காரர்கள் சொல்லும் சொல்லின் கனம் குறைந்துவிடுகிறது. மறுப்பதையே தீங்காகக் கருதும் ஒருவரிடம் வழி கேட்டுவிட்டு, அவர் தலையசைத்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? இங்கே பாதிப் பொறுப்பு கேட்பவருடையது. கேட்கத் தகுந்ததை மட்டுமே அவர் கேட்க வேண்டும். அனுமதி பற்றி எத்தனையோ விதிமுறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வளவு நுட்பம் அவற்றில் காணக் கிடைப்பதில்லை.

உழைத்தவர்களின் கதைக்குக் கோலாலம்பூர் வரை போகலாம். புக்கிட் கியாராவில் மலைச் சைக்கிள்காரர்கள் கொண்டாடும் காட்டுப் பாதைகள் பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் ஓடுகின்றன. அந்தத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 1982-இல் அருகிலேயே நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு வரும் என்று பல பத்தாண்டுகள் காத்திருந்தன. அவர்களுக்கான வீடுகளையும் அடுக்குமாடிக் குடியிருப்பையும் சேர்த்து ரிம்பா கியாரா பூங்காவில் கட்டும் திட்டம் வழக்கில் சிக்கி, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதன் அனுமதியை ரத்து செய்தது. பூங்காவைக் காக்கப் போராடியவர்களிடம் நியாயம் இருந்தது. வீட்டுக்குக் காத்திருந்தவர்களிடமும் இருந்தது. பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வீடு கேட்டுக் காத்திருக்க, அதே மண் ஊரின் பொழுதுபோக்கு இடமாகிவிட்டது.

இங்கிலாந்தில் இது எதிர்த்திசையில் நடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நிலவுடைமையாளர்களின் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் புதர்வெளியில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை கிடைத்தது. தலைமை தாங்கிய பென்னி ரோத்மன், தன்னைத் தடுக்க ரயில் நிலையத்தில் காத்திருந்தவர்களிடம் சிக்காமலிருக்கச் சைக்கிளில் அங்கே போனார். உழைப்பவருக்கும் மலைமேல் ஓய்வு வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. கேமரன் மலையில் உழைப்பவர் தினமும் மலைமேல்தான் இருக்கிறார். அவருடைய ஓய்வைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பின்னர் 1968-இல் வந்த சட்டம் இங்கிலாந்தின் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தது. ஒரு நிபந்தனையோடு: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். தேயிலைச் சரிவுகளில் சைக்கிள் பாதை திறப்பதானால் அந்த நிபந்தனையிலிருந்து தொடங்கலாம். பறிக்கும் நேரத்தில் அந்த வரிசைகளில் சக்கரம் வரக்கூடாது, மழை மாதங்களில் பாதை மூடியிருக்க வேண்டும், சுமையோடு ஒருவர் ஏறி வந்தால் ஓட்டுபவர் இறங்கி ஒதுங்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் இதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதாது. மலாயிலும் தமிழிலும் வங்காளியிலும் நேபாளியிலும் எழுத வேண்டும். சைக்கிள்காரரை நிறுத்தும் உரிமை தனக்கு உண்டு என்பது கொழுந்து மூட்டையைச் சுமந்து வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?