நம்ம ஆளு

உங்களிடம் ஒரு கேள்வி. அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம்.

ஆபீஸில் உங்களுக்குப் பக்கத்து ஸீட்காரர். பத்து வருடப் பழக்கம். உங்கள் பெண் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து, பந்தி விசாரித்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனவர். அவர் ஒரு விதவையின் பென்ஷன் ஃபைலில் கை வைக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன செய்வீர்கள்?

'எதுக்கு வம்பு' என்பது ஒரு பதில். அது பயம். மனுஷனுக்குப் பயம் சகஜம், விட்டுவிடுவோம். 'என்ன இருந்தாலும் நம்ம ஆளாச்சே' என்பது இன்னொரு பதில். இதுதான் விவகாரமானது. ஏனென்றால், இதைச் சொல்லும்போது நமக்குக் கூச்சமே வருவதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. விசுவாசம், நன்றி, நட்பு என்று இதற்கு நல்ல நல்ல பெயர்களாக வைத்திருக்கிறோம்.

இந்த 'நம்ம ஆளு' எதுவரைக்கும் செல்லும்? இதற்கு நடுவானில் பதில் தேட வேண்டியிருந்த ஒரு பைலட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் ஹ்யூ தாம்ப்சன். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்துக்காரர். அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். தாம்ப்சன் முதலில் மூன்று வருடம் கடற்படையில் வேலை பார்த்தார். திரும்பி வந்து, ஈமச் சடங்கு நடத்திக் கொடுக்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வாங்கி ஊரோடு இருந்தார். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆயிற்று. வியட்நாம் போர் சூடு பிடித்ததும், 1966-ல் தானாகவே ராணுவத்தில் சேர்ந்து ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். போரை எதிர்த்துக் கொடி பிடித்தவர் அல்ல, விரும்பிப் போனவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1968, மார்ச் 16. இடம், வியட்நாமில் மை லாய் என்ற கிராமம். தாம்ப்சனுக்கு வயது 24. கூட இருந்த கிளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு 20, லாரன்ஸ் கோல்பர்னுக்கு 18. நம்மூர்க் கணக்கில் காலேஜ் பையன்கள். சின்ன ஹெலிகாப்டரில் தாழப் பறந்து, எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை.

எதிரியின் தாக்குதல் எதுவும் இல்லை. ஆனால், கீழே பிணங்கள். பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு உதவி வரட்டும் என்று, அவர்கள் கிடந்த இடத்தைப் புகைக்குண்டு போட்டு அடையாளம் காட்டினார் தாம்ப்சன். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து பார்த்தால், அவர்களும் செத்துக் கிடந்தார்கள். சுடுவது யார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

எல்லாம் நம்ம ஆளுங்க.

ஒரு வாய்க்கால் நிறைய உடல்கள். ஹெலிகாப்டரை இறக்கி, அங்கிருந்த வில்லியம் கேலி என்ற லெஃப்டினன்ட்டிடம் பேசிப் பார்த்தார். 'உன் வேலையைப் பார்' என்கிற தோரணையில் பதில் வந்தது. மேலே கிளம்பியதும் மறுபடி துப்பாக்கிச் சத்தம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பதுங்குகுழி. உள்ளே கிராமத்து ஜனங்கள். அவர்களை நோக்கிச் சிப்பாய்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். தாம்ப்சன் ஹெலிகாப்டரைக் கொண்டுபோய் இரண்டு தரப்புக்கும் நடுவில் இறக்கினார். குழிக்குள் இருப்பவர்களை வெளியே கொண்டுவர உதவும்படி அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டார். கையெறி குண்டுதான் ஒரே வழி என்றார் அவர். தாம்ப்சன் திரும்பித் தன் பையன்களிடம் சொன்னது இதுதான்: இந்த ஜனங்களை நான் கூட்டிவரும்போது நம் சிப்பாய்கள் சுட்டால், நீங்கள் அவர்களைச் சுடுங்கள்.

சொல்லிவிட்டு, தனியாகக் குழியை நோக்கி நடந்தார். கை ஜாடை காட்டி, உள்ளே இருந்தவர்களை வெளியே வரவழைத்தார். தன் ஹெலிகாப்டரில் இடம் போதாது என்பதால், மேலே பறந்துகொண்டிருந்த சக பைலட்டுகளை ரேடியோவில் கூப்பிட்டார். அவர்கள் இறங்கி வந்து ஏறக்குறைய பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு தரப்பிலும் யாரும் சுடவில்லை.

திரும்பும் வழியில், அதே வாய்க்காலில் ஏதோ அசைந்தது. ஆண்ட்ரியோட்டா உடல்களுக்கு நடுவே இறங்கி, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மருத்துவமனையில் சேர்த்தார்கள். தனக்கும் வீட்டில் ஏறக்குறைய அந்த வயதில் ஒரு மகன் இருந்ததைத் தாம்ப்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முகாமுக்குப் போய் மேலதிகாரிகளிடம் கொதித்தார். அதன் பிறகு, சுடுவதை நிறுத்தும்படி உத்தரவு போனது. அதற்குள் செத்தவர்கள், வியட்நாமின் கணக்குப்படி 504 பேர்.

இந்த இடத்தில் நீங்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். நியாயமான ஆட்சேபம்தான். 'ஒவ்வொரு சிப்பாயும் தன் மனசாட்சிப்படி சொந்தப் படை மேலேயே துப்பாக்கியைத் திருப்பினால், எந்த ராணுவம் உருப்படும் ஸார்?'

தாம்ப்சன் என்ன வரிசையில் செய்தார் என்று பாருங்கள். முதலில் உதவி கேட்டார். பிறகு பேசிப் பார்த்தார். வேறு வழியில்லாதபோதுதான் குறுக்கே நின்றார். அப்போதும் சுடவில்லை. உடனே போய் மேலிடத்தில் முறைப்படி புகார் சொன்னார். நிராயுதபாணியைக் கொல்லக் கூடாது என்பது அவருடைய ராணுவத்தின் சட்டமேதான். அன்றைக்கு அந்தச் சட்டத்தின் பக்கம் நின்றவர் அவர். அதை மீறியது மற்றவர்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பதுங்குகுழியில் இருந்தவர்களை மட்டுமா அவர் காப்பாற்றினார்? எதிரே துப்பாக்கியோடு நின்ற பையன்களையும்தான். ஆயுள் முழுக்கச் சுமந்திருக்க வேண்டிய பத்துக் கொலைகளை அவர்கள் செய்யாமல் போனது யாரால்? 'நம்ம ஆளு' என்ற வார்த்தைக்கு அன்றைக்கு அந்த வயல்வெளியில் ஒருத்தர்தான் மரியாதை செய்தார்.

கும்பகர்ணனையும் விபீஷணனையும் வைத்து நம் பட்டிமன்றங்கள் பல வருடம் ஓடியிருக்கின்றன. ஒருத்தன், தப்பு என்று தெரிந்தும் அண்ணனுக்காகச் செத்தவன். இன்னொருத்தன், தப்பு என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனவன். மூன்றாவதாக ஒருத்தன் உண்டு, நாம் அதிகம் பேசுவதில்லை. விகர்ணன். துரியோதனனின் தம்பி. பாஞ்சாலிக்கு நடந்தது அநியாயம் என்று, பெரியவர்களெல்லாம் வாயடைத்திருந்த சபையில் எழுந்து சொன்னவன். கட்சி மாறவில்லை. கடைசிவரை அண்ணன் பக்கமே நின்று, போரில் செத்தான். கர்ணன் என்று பெயர் வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். விகர்ணன் என்று ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை.

தாம்ப்சன் அந்த ஜாதி. ராணுவத்தை விட்டு ஓடவில்லை. தொடர்ந்து பறந்தார். ஒரு விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. 1983 வரை ராணுவத்தில் இருந்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

ஊர் அவருக்கு என்ன செய்தது? முதலில் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையை இரு தரப்புத் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே காப்பாற்றினார் என்று அதில் எழுதியிருந்தது. இல்லாத சண்டை! தூக்கி எறிந்துவிட்டார். 1969-ல் விஷயம் வெளியே வந்து அவர் சாட்சி சொன்னபோது, மை லாயில் தண்டிக்க வேண்டிய ஒரே ஆள் இவர்தான் என்கிற ரீதியில் பேசினார் மெண்டல் ரிவர்ஸ் என்ற செல்வாக்கான எம்.பி. கொலை மிரட்டல் போன்கள் வந்தன. வீட்டு வாசலில் செத்த மிருகங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். கேலிக்கு 1971-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள்; மூன்றரை வருட வீட்டுக் காவலோடு அது முடிந்தது. அவரைப் புகழ்ந்து வந்த ஒரு பாட்டு இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். டிரயல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டு வைப்போம். தற்காலிக ஏற்பாடுதான். தப்பு எங்கே என்று தேடி, பிறகு நேர் செய்ய வேண்டும். ஹ்யூ தாம்ப்சனை அவருடைய நாடு அந்தத் தலைப்பில் முப்பது வருடம் போட்டு வைத்திருந்தது. 1998 மார்ச்சில்தான் நேர் செய்தார்கள். மூன்று பேருக்கும் பதக்கம். ஆண்ட்ரியோட்டா அதைப் பார்க்கவில்லை. மை லாய்க்கு மூன்று வாரம் கழித்து அவர் போரில் இறந்துவிட்டார். அது என்ன பதக்கம் தெரியுமா? எதிரியோடு மோதாத சந்தர்ப்பத்தில் காட்டிய வீரத்துக்கு வழங்கப்படுவது. விதி சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு எதிரே நின்றவர்கள் எதிரிகள் இல்லையே.

நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தக் கதையை அப்படி முடிக்க முடியவில்லை. கெட்ட கனவுகள், குடி, மணமுறிவு என்று தாம்ப்சன் நிறையப் பட்டார். மை லாயில் ஊரார் குழந்தைக்காக இறங்கியவர், அதற்கான விலையைத் தன் வீட்டுக் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டு மனைவியும் பிள்ளைகளும் எந்த வாய்க்காலையும் பார்த்தவர்கள் இல்லை. ஆனால், போன் மணி அடித்தபோதெல்லாம் அவர்களும்தான் நடுங்கியிருப்பார்கள். தர்மத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது பொய்க் கணக்கு.

1998-ல் தாம்ப்சனும் கோல்பர்னும் மை லாய் போனார்கள். உயிர் பிழைத்த ஒரு பெண்மணி, அன்று சுட்டவர்களும் உங்களோடு ஏன் வரவில்லை என்று கேட்டார். எதற்கு? வந்திருந்தால் மன்னித்திருக்கலாமே என்று! அந்த மனசு தனக்கு இல்லை, தன்னால் அவர்களை மன்னிக்க முடியவில்லை என்று தாம்ப்சன் பிறகு ஒப்புக்கொண்டார். கடைசிக் காலத்தில், தன்னைப் போன்ற முன்னாள் ராணுவத்தினருக்கு ஆலோசகராக வேலை பார்த்தார். 2006 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார். வயது 62. அப்போது பக்கத்தில் இருந்தவர் கோல்பர்ன். அன்று ஹெலிகாப்டரில் கூட இருந்த அதே 18 வயதுப் பையன்.

சரி, உங்கள் பக்கத்து ஸீட்காரருக்கு வருவோம். நாளைக்கே மேலதிகாரியிடம் போய்ப் போட்டுக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஹெலிகாப்டரை நடுவில் இறக்கப் பல விதம் இருக்கிறது. காண்டீனில் தனியாக உட்கார வைத்து, "வேணாம்ப்பா, அந்தம்மா ஃபைலை விட்டுடு. விடலைன்னா நானே மேல சொல்ல வேண்டி வரும்" என்று சொல்வதும் அதில் ஒன்றுதான். அவர் கோபித்துக்கொள்ளலாம். உங்கள் அடுத்த பெண் கல்யாணத்துக்கு வராமல்கூடப் போகலாம்.

பந்தி விசாரிக்க வேறு ஆள் கிடைப்பார். அந்தம்மாவுக்கு அந்த ஃபைலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?