உபாத்தியாயரின் தராசு



சரக்கை நிறுக்கும்போது தட்டில் தன் விரல் படாமல் பார்த்துக்கொள்வதே கடைக்காரனுடைய யோக்கியதை. இந்த விதி பாடம் சொல்லும் உபாத்தியாயருக்கும் உண்டா என்பதே நான் எழுதப் புகுந்த விஷயம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆயினும் இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் நேர்ந்தது.

என் சகோதரியின் மகன் பட்டம் பெற்று, உயர்நிலைப் பள்ளியில் சமூகப் பாடம் கற்பிக்கப் பயிற்சி பெற்று வருகிறான். சிங்கப்பூரில் 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. அதன் வழியில் 1991-ல் அமைந்த தேசியக் கல்விக் கழகமே இன்று ஆசிரியர்களைத் தயார் செய்கிறது. பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. முடிந்தபின் குறித்த காலம் ஊழியம் செய்ய வேண்டும். கழகத்தில் படிப்பதோடு, பள்ளிக்கூடத்துக்குச் சென்று, அனுபவசாலிகள் அமர்ந்து கவனிக்கப் பாடம் நடத்திக் காட்டவும் வேண்டும்.

சமூகப் பாடம் 2001-ல் உயர்நிலை மேல் வகுப்புகளில் கட்டாயமாயிற்று. பத்திரிகைச் செய்தி, பிரசங்கம், படம், கேலிச்சித்திரம் ஆகியவற்றை மாணவர் முன் வைத்து, "இதைச் சொன்னவர் யார்? எதற்காகச் சொன்னார்? எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று கேட்பது அதில் முக்கியமான பயிற்சி.

ஒருநாள் மருமகன் பெட்டியடிக்கு வந்து, 1964-ம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றிப் பாடம் தயாரிப்பதாகச் சொன்னான். அவ்வாண்டு ஜூலை 21-ல் மீலாது ஊர்வலம் சென்றபோது மூண்ட கலவரம் அது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டு மேலும் 13 உயிர்கள் போயின.

"நம் பெரியவர் சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல், தொடங்கியவர்கள் இன்னார் என்பது விளங்கட்டும்" என்றேன். அவன் சிறு பிள்ளையாக இருந்தபோதிலிருந்து நான் சொல்லிவந்த கதைதான்.

"மாமா, பெரியவர் அதைக் கண்ணால் பார்த்தாரா? கடையை அடைத்துவிட்டு மாடியில் ஒடுங்கியிருந்தார் என்றும் நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. ஹதீஸை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று மதரஸாவில் உஸ்தாது வரிசையாகச் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. அங்கே படித்ததை என் வீட்டுக் கதைக்கு ஒருநாளும் நான் பிரயோகித்ததில்லை.

ஆனாலும் விடவில்லை. "உனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்குமே! அதை மறைப்பது கோழைத்தனம் அல்லவா?" என்றேன். "நான் முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதையே பரீட்சையில் எழுதிவிடுவார்கள், மாமா. அப்புறம் அவர்கள் எங்கே யோசிப்பது?" என்றான்.

இதைப் பல நாள் சிந்தித்தேன். வாடிக்கையாளர் என் பேச்சு பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். மாணவன் போக முடியாது. மதிப்பெண் போடும் கையும் உபாத்தியாயருடையது. ஆகவே அவர் வாய்ச்சொல்லுக்கு இயல்பாகவே எடை அதிகம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் பிள்ளைகள் கூடியிருக்கும் வகுப்பில் அந்த எடையைத் தட்டில் வைக்காதிருப்பது கோழைத்தனமன்று, அது அடக்கம்.

ஆனால் அடக்கத்துக்கும் எல்லை உண்டு. மாண்டவர் எத்தனை பேர் என்பது அபிப்பிராயம் அன்று. இனத்தின் பெயரால் அண்டை வீட்டானை அடிப்பது தகுமா என்பதற்கு இரண்டு பக்கம் இல்லை. அங்கே உபாத்தியாயர் வாய் திறந்து, கூடாது என்றே சொல்ல வேண்டும். கலகம் எப்படி மூண்டது, பழி யாருடையது என்பதில் பல சாட்சிகள் பலவாறு சொல்கின்றன. அங்கே எல்லாச் சாட்சிகளையும் பிள்ளைகள் முன் வைப்பதே நேர்மை. எது தீர்ந்த சங்கதி, எது தீராத சங்கதி என்று பிரித்தறிவதே அந்தப் பயிற்சியின் கடினமான பகுதி என்று நினைக்கிறேன்.

சகோதரர்களே! நம் கடைகளில் சரக்கோடு செய்தியும் கைமாறுகிறது. நாம் சொல்வதைக் கேட்டு நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். பாட்டனார் கதையை நான் இன்றும் சொல்கிறேன். ஆனால் "இப்படிக் கேள்விப்பட்டேன், அவர் கண்ணால் கண்டதன்று" என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.