ஆளுநரும் இருப்புப்பாதையும்

பொதுப்பணிக்கு வரும் வணிகர் தம் தொழிலை வாசலோடு நிறுத்திவிட்டு உள்ளே வர இயலுமா என்ற கேள்விக்கு, கலிபோர்னியாவின் லேலண்ட் ஸ்டான்போர்டு வாழ்ந்த வாழ்க்கை எளிதில் விடை தருவதில்லை. மறைந்த மகனின் நினைவாக நிறுவிய பல்கலைக்கழகத்தாலேயே இன்று அவர் பெரிதும் அறியப்படுகிறார். நியூயார்க் மாநிலத்தில் 1824இல் பிறந்து, சட்டம் பயின்று, 1852இல் தங்க வேட்டை நடந்துகொண்டிருந்த கலிபோர்னியாவுக்குச் சென்ற அவர், சுரங்கத் தொழிலாளருக்குச் சரக்கு விற்றுப் பொருளீட்டினார். 1861இல் சென்ட்ரல் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைவரானவர், அதே ஆண்டுத் தேர்தலில் வென்று 1862 சனவரியில் மாநில ஆளுநராகவும் பொறுப்பேற்றார். அமெரிக்க மாநில ஆளுநர், இந்திய ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவரல்லர்; மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். ஒரு பதவிக்காக மற்றொன்றை ஸ்டான்போர்டு துறக்கவில்லை.

தம் நிறுவனத்துக்குப் பொதுப்பணம் கிடைக்கச்செய்யும் சட்டங்களில் அவரே ஒப்பமிட்டார். தம் கூட்டாளி சார்லஸ் கிராக்கரின் அண்ணனை 1863இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார். 1862ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமோ, பாதை அமைப்போருக்குச் சமவெளியில் மைலுக்கு 16,000 டாலரும் மலைப்பகுதியில் 48,000 டாலரும் பெறுமான கடன் பத்திரங்களை வழங்கியது. இந்நிலையில், சியரா நெவாடா மலையின் அடிவாரம் சாக்ரமெண்டோ நகரிலிருந்து சுமார் 7 மைல் தொலைவில், பார்ப்பவர் கண்ணுக்குச் சமவெளியாகவே தெரியும் ஆர்கேட் ஓடையருகே தொடங்குகிறது என்று மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி சான்றளிக்க, வாஷிங்டனும் அதை ஏற்றது.

இதை ஊழல் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் கிழக்குக் கரையோடு இணைக்கும் பாதை அன்றைய கலிபோர்னியரின் நெடுநாள் விருப்பமாகவும் இருந்ததால், ஸ்டான்போர்டு தம்மை ஏமாற்றுக்காரராகக் கருதத் தேவையே எழுந்திராது. அஞ்சத்தக்கது அந்த மனநிறைவுதான்: களவு செய்கிறோம் என்று அறிந்தவனைக் கூச்சமேனும் தடுக்கும், தம் ஆதாயமும் ஊரின் நன்மையும் ஒன்றே என்று மெய்யாகவே நம்புபவருக்கு அத்தடையும் இல்லை.

பதவியேற்புரையில் ஆசியர் குடியேற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று பேசிய அவர், சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தம் பாதையில் உழைக்கத் தொடங்கியபின், 1865இல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய அறிக்கையில் அவர்களை அமைதியானவர்கள், உழைப்பாளிகள் என்று புகழ்ந்தார். மாறியது மனமா, வரவுசெலவுக் கணக்கா என்று பிரித்தறிவது கடினம். 1867இல் அதே தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனம் மலைக்குச் செல்லும் உணவுப்பொருளை நிறுத்தி அவர்களைப் பணியவைத்தது.